அடுத்த பெருந்தொற்று வந்தால் மலையில் யாரை யார் எண்ணுவது? கொரோனா காலத்தை வைத்துப் பேசலாம் – ஏற்காடு, சேலம்

சேர்வராயன்மண் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற அக்டோபர் 2 கிராம சபையில ஒரு தீர்மானம் கொண்டுவரணும்னு எங்க ஊர்ப் பசங்க சேர்ந்து பேசிக்கிட்டிருக்கோம். பெருந்தொற்று மாதிரி ஒன்னு மறுபடி வந்தா மலைவாழ் மக்களுக்கு ஊராட்சி என்னென்ன செய்யணும்னு முன்கூட்டியே எழுதி வைக்கிற தீர்மானம். "கொரோனாதான் போயிடுச்சே, இப்ப எதுக்கு"ன்னு ஊர்லயே கேக்கறாங்க. போனதாலதான் இப்ப பேச முடியுது. அது நடந்துக்கிட்டிருந்தப்ப யாருக்கும் உக்காந்து யோசிக்க நேரமில்லை.

நான் மலையாளிப் பழங்குடி (கேரளத்து மலையாளி இல்லை, இந்த மலைகள்ல வாழற தமிழ் பேசற பழங்குடி). 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பழங்குடி மக்கள் மொத்தமே 8 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுல எங்க ஆளுங்க 3.5 லட்சத்துக்கு மேல. ஏற்காடு ஒன்றியத்துல 9 ஊராட்சி இருக்கு. ரோட்டை ஒட்டின ஊரும் உண்டு, ரோட்டுல இறங்கி காப்பித் தோட்டத்து வழியா நடந்தே போகவேண்டிய குக்கிராமமும் உண்டு. கீழ இருந்து பார்க்கிறவங்களுக்கு எல்லாம் "ஏற்காடு"தான்.

2020 மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டாங்க, மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. எங்களுக்கு அது மிளகு பறிச்சுக் காயப்போடற சமயம். வியாபாரி மேல வரலை, வாரச் சந்தை நின்னுபோச்சு, பஸ் இல்லை. மூட்டை கட்டின மிளகு வீட்டுக்குள்ளயே கிடந்தது. அதுக்கடுத்து சீசன். ஏப்ரல், மே ரெண்டு மாசம் லாட்ஜ் வேலை, ஓட்டல் வேலை, ரோட்டோரக் கடைன்னு சம்பாதிக்கிறதுலதான் மழைக்காலத்தை ஓட்டுவோம். கோடை விழா 2020லயும் நடக்கலை, 2021லயும் நடக்கலை.

அரசாங்கம் கைவிட்டுருச்சுன்னு நான் சொல்லமாட்டேன். அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் வந்தது, விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் வந்தது. 2021ல 4,000 ரூபாய் ரெண்டு தவணையா வந்தது, 14 வகை மளிகைப் பை வந்தது. வாங்கினோம், சாப்பிட்டோம். ஆனா எல்லாமே அட்டைக்குத்தான் வந்தது. எங்க பக்கம் ஒரு அட்டையில அப்பா, கல்யாணமான ரெண்டு பையன், அவங்க பிள்ளைங்கன்னு மூணு அடுப்பு இருக்கும். 1,000 ரூபாயை மூணு அடுப்புக்குப் பிரிச்சா என்ன வரும்? அட்டையே இல்லாத வயசானவங்க கதை தனி.

அதனால என் கேள்வி சென்னையைப் பத்தியோ டெல்லியைப் பத்தியோ இல்லை. நம்ம ஊராட்சி, நம்ம ஒன்றியம், கீழ சேலத்துல மாநகராட்சி, இவங்க என்ன செஞ்சாங்க, என்ன செஞ்சிருக்க முடியும்? கண்ணால பார்த்தவங்க எழுதுங்க. தீர்மானத்துல சேர்க்கணும்.

குப்பனூர்ரோடு எழுதியது:

நான் பிக்கப் வண்டி ஓட்டறவனுங்க. ரெண்டு அலையிலயும் நிவாரணச் சாமான் ஏத்திக்கிட்டு அடிவாரம் வழியாவும் குப்பனூர் வழியாவும் மேல போயிருக்கேன். பார்த்ததைச் சொல்றேன்.

கொடுக்கிற மனசு எல்லாருக்கும் இருந்துச்சுங்க. சேலத்துல இருந்து கடைக்காரங்க, கோயில் கமிட்டி, பள்ளிவாசல், சர்ச், ரோட்டரின்னு எத்தனையோ பேர் கொடுத்தாங்க. ஆனா எல்லா வண்டியும் ரோட்டோரத்துலயே நிக்கும். செக்போஸ்ட்ல அனுமதி வாங்கி மேல வர்றதுக்கே பாதி நாள் போயிடும், இருட்டறதுக்குள்ள இறங்கணும். அதனால முதல்ல கண்ணுல படற ஊர்ல இறக்கி, போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. ஒரே ஊருக்கு அதே வாரத்துல மூணு தடவை போய் இறக்கினதும் நடந்துச்சு.

ஒரு நாள் அப்படி இறக்கப் போனப்ப ஒரு அம்மா வண்டிப் பக்கத்துல வந்து நின்னாங்க. "இங்க வேணாம் தம்பி, எங்களுக்குப் போன வாரமே வந்துருச்சு. கீழூர்ல ஒன்னும் வரலை"ன்னாங்க. அப்புறம்தான் தெரியும், அவங்க அந்த வார்டு மெம்பர். ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டுல வீட்டு வாரியா எழுதி வச்சிருந்தாங்க. யார் வீட்டுல எத்தனை பேர், யார் அட்டை யார் பேர்ல இருக்கு, யார் வேலைக்கு வெளியூர் போய் மாட்டிக்கிட்டாங்க, யார் நிறைமாசம், எல்லாம் அதுல இருந்துச்சு. பசங்களைக் கூப்பிட்டு மூட்டையைத் தலையில ஏத்தி கீழூருக்கு அனுப்பினாங்க. வண்டியில வந்த எங்ககூட இருந்த படிச்சவங்களுக்கெல்லாம் அந்த நோட்டு தோணவே இல்லைங்க.

என்னைக் கேட்டா தீர்மானத்துல முதல்ல அந்த நோட்டைத்தான் எழுதணும்.

சேர்வராயன்மண் எழுதியது:

அண்ணா, இதைத்தான் எதிர்பார்த்தேன். அந்த நோட்டுல இருந்த தலைப்புகளை அப்படியே எழுதிக்கிறேன்.

கோட்டைவாசி எழுதியது:

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை நேராகவே கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊரடங்கில் பாதிக்கப்படாதவர் யார்? சேலத்தில் ஆட்டோ ஓட்டுநர், சலூன்காரர், வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி, டீக்கடை மாஸ்டர் எல்லாரும்தான் பட்டினி கிடந்தார்கள். அப்படியிருக்க, பழங்குடி மக்களுக்கென்று தனித் தீர்மானம், தனிப் பதிவேடு எதற்கு? ஏழை என்ற ஒரே அளவுகோல் போதாதா? சாதி, இனம் என்று பிரித்தால் உதவிக்குப் பதில் மனக்கசப்புதான் மிஞ்சும் என்று பயப்படுகிறேன்.

செவிலியக்கா எழுதியது:

கோட்டைவாசி தம்பி, உங்க பயம் எனக்குப் புரியுது. பதில் சொல்றதுக்கு என் வேலையில நடந்ததைச் சொல்றேன். நான் கிராம சுகாதார செவிலியரா மலையிலதான் ரொம்ப வருஷம் இருந்தேன். இப்ப ஓய்வு.

2021 ஜனவரி 16ல தடுப்பூசி ஆரம்பிச்சது. முதல்ல எங்களுக்கு, அப்புறம் வயசானவங்களுக்கு, மே 1ல இருந்து 18 வயசுக்கு மேல எல்லாருக்கும். கேக்க எல்லாருக்கும் ஒரே விதிதான். ஆனா அந்த விதி மலைக்கு வந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு பாருங்க.

கோவிஷீல்டு ஒரு குப்பியில 10 பேருக்கு மருந்து இருக்கும். திறந்துட்டா 4 மணி நேரத்துக்குள்ள போட்டுடணும், இல்லைன்னா கொட்டணும். சேலம் டவுன்ல 10 பேர் சேர 5 நிமிஷம் ஆகும். ஒரு குக்கிராமத்துல மொத்தமே இருபது வீடு. பாதிப் பேர் தோட்டத்துல வேலை. சம்மதிச்சு வந்து உக்காந்தவங்க 6 பேர். குப்பியைத் திறக்கவா வேணாமா? திறந்தா 4 பேர் மருந்து வீணாகும், கணக்கு கேப்பாங்க. திறக்கலைன்னா அந்த 6 பேர் இன்னொரு தடவை வரவே மாட்டாங்க. ஐஸ் பெட்டியைத் திண்ணையில வச்சுட்டு, ஆஷா பொண்ணு (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்) ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தோட்டம் தோட்டமா ஆள் கூப்பிடப் போயிருக்கோம். சில நாள் 10 சேரும். சேராத நாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஊருக்கு நடப்போம்.

அப்புறம் பதிவு. கோவின்ல, அதாவது தடுப்பூசிக்குப் பதியற இணையதளத்துல, போன் நம்பர், ஓடிபி, ஆதார் எல்லாம் வேணும். ஒரு நம்பர்ல அப்ப 4 பேர்தான் பதிய முடியும். ஊருக்கு மூணு போன், அதுலயும் டவர் கிடைக்கிற மேட்டுக்குப் போனாத்தான் ஓடிபி வரும்.

அதுக்கு மேல பயம். 2021 ஏப்ரல்ல நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கிட்ட ரெண்டாவது நாள் இறந்துபோனார் இல்லையா? அது மாரடைப்பு, தடுப்பூசியால இல்லைன்னு டாக்டர்கள் சொன்னாங்க. அந்த விளக்கம் மலை ஏறவே இல்லை, சாவுச் செய்தி மட்டும் வாட்ஸப்புல அன்னிக்கே ஏறிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம் எங்களைக் கண்டாலே கதவைச் சாத்துவாங்க. ஊர்ப் பெரியவரும் பூசாரியும் முதல்ல போட்டுக்கிட்ட ஊர்ல மட்டும் மத்தவங்க வந்தாங்க. அவங்ககிட்ட பேசறதுக்கு நான் போனதைவிட ஊராட்சித் தலைவரும் மெம்பரும் போனதுதான் எடுபட்டுச்சு. நீலகிரியில பழங்குடி மக்களுக்கு மாநிலத்துலயே முதல்ல போட்டு முடிச்சாங்கன்னு அந்த வருஷம் ஜூன் கடைசியில செய்தி வந்தது. அங்கயும் ஊர் ஊரா ஆள் நடந்துதான் முடிஞ்சது.

இதெல்லாம் ஏழ்மை மட்டும் இல்லை தம்பி. தூரம், டவர், ஊர்க் கட்டுப்பாடு, வெளியாளை நம்பாத பழக்கம் எல்லாம் சேர்ந்தது. வெளியாள் வந்து நிலம் எழுதி வாங்கிட்டுப் போன கதை ஒவ்வொரு ஊர்லயும் இருக்கு. அவங்க நம்பலைன்னா தப்பு அவங்க மேல இல்லை. சலூன்காரருக்கும் பசிதான், ஒத்துக்கிறேன். ஆனா அவர் வீட்டு வாசல்வரைக்கும் ரோடு இருந்துச்சு.

ஓய்வுச்செயலர் எழுதியது:

ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். பணத்தையும் அதிகாரத்தையும் பற்றி யாராவது பேச வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் காலத்தைப் பாருங்கள். 2016 அக்டோபரோடு உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. மூன்று வருடத்துக்கும் மேல் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, தனி அலுவலர் நிர்வாகம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்றார்கள். மார்ச் 24-இல் ஊரடங்கு. பாதிப் பேருக்கு ரசீதுப் புத்தகமும் தீர்மானப் புத்தகமும் வேறு வேறு என்றே அப்போதுதான் தெரிந்திருந்தது. அந்த நிலையில் அவர்கள் செய்தது பெரிய காரியம். அந்த மெம்பர் அம்மாவின் நோட்டைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆள் இருந்தால் நோட்டு வரும். சில மாதம் முன்னால் கொரோனா வந்திருந்தால் அந்த நோட்டை எழுத ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது பணம். "ஊராட்சி ஏன் அரிசி வாங்கிக் கொடுக்கவில்லை" என்று நிறையப் பேர் கேட்டார்கள். மத்திய நிதிக்குழு மானியத்தில் பெரும்பகுதி குடிநீர், சுகாதாரத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வரும். 2020-21இல் பாதி அப்படி, அதற்கடுத்த வருடத்திலிருந்து 60 சதவீதம். பிளீச்சிங் பவுடர், லைசால், தெளிப்பான் வாங்கலாம், தூய்மைக் காவலருக்குக் கையுறை வாங்கலாம். அரிசி வாங்கினால் தணிக்கையில் நிற்க வேண்டும். சொந்த வரி வருமானம் என்று பார்த்தால் விடுதிகள் நிறைந்த ஊராட்சிக்கு உண்டு, காப்பித் தோட்டமும் ஓட்டு வீடும் உள்ள ஊராட்சிக்கு என்ன வரும்?

பழங்குடிப் பகுதி என்பதால் தனி அதிகாரம் இருக்குமே என்று நினைப்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் சேர்ந்த பகுதி எதுவும் இல்லை. ஆகவே அப்பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் பெசா சட்டம் இங்கு பொருந்தாது. நம் மலையிலுள்ள வெள்ளக்கடை ஊராட்சியும் சமவெளியிலுள்ள எந்த ஊராட்சியும் சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான்.

அப்படியென்றால் ஊராட்சியின் கையில் என்ன இருந்தது? நூறு நாள் வேலை இருந்தது. 2020-21இல் ஒரு நாள் கூலி 256 ரூபாய். ஊரடங்கின் முதல் வாரங்களில் நின்று, பிறகு இடைவெளி விட்டு வேலை தரலாம் என்றார்கள். ஆனால் எந்த வேலை தருவது? கிராம சபை ஒப்புதல் பெற்ற பணிப் பட்டியலில் இருக்கும் வேலையைத்தான் தர முடியும். பட்டியல் போடும்போது எந்தக் குக்கிராமத்திலிருந்து ஆள் வந்து கையைத் தூக்கினார்களோ அந்த ஊர்ப் பணிதான் அதில் ஏறியிருக்கும். வராத ஊருக்கு வரப்பும் இல்லை, கல் தடுப்பணையும் இல்லை. பஸ் ஓடாத காலத்தில் அடுத்த ஊருக்கு ஏறி இறங்கி வேலைக்கு வா என்றால் கைக்குழந்தைக்காரி எப்படி வருவாள்? ஊரடங்குக்கு முந்தைய வருடத்தில் ஒரு கிராம சபைக்கு வராமல் போனதன் விலையை அந்த ஊர் அப்போது கொடுத்தது. இதை நான் என் கையால் எழுதிய பதிவேட்டை வைத்தே சொல்கிறேன்.

பட்டியலைத் திருத்தலாம் என்றால் கிராம சபையே கூடவில்லை. 2020 அக்டோபர் 2 ரத்து, 2021 ஜனவரி 26 ரத்து. மறுபடி கூடியது 2021 அக்டோபர் 2-இல். தொற்று பரவும் என்ற காரணம் நியாயம்தான். ஆனால் வார்டு வாரியாக இருபது பேரை மரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம். அந்த வழியைத் தீர்மானத்தில் எழுதுங்கள்.

அம்மாபேட்டைத்தறி எழுதியது:

மலையில ஊரடங்குக்கு ரெண்டரை மாசமாவது முன்னால மெம்பர் வந்துட்டாங்க. நகரத்துல எங்க கதையைக் கேளுங்க. சேலம் மாநகராட்சிக்கு 60 வார்டு. 2016 அக்டோபர்ல கவுன்சில் போச்சு. மறுபடி தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. முதல் அலை, ரெண்டாவது அலை, தடுப்பூசி எல்லாம் முடியறவரைக்கும் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. சுகாதார ஆய்வாளரும் தூய்மைப் பணியாளரும் உயிரைக் கொடுத்து வேலை செஞ்சாங்க, அவங்களைக் கும்பிடறேன். ஆனா "எங்க தெருவுல இது பிரச்சினை"ன்னு போய்ச் சொல்ல ஒரு வாசல் இல்லை.

நாங்க சௌராஷ்டிரர். வீட்டுல எங்க பாஷை பேசுவோம், தொழில் பட்டு நெசவு. தமிழ் நல்லாவே தெரியும், அதனால எங்களைச் சிறுபான்மைன்னு யாரும் நினைக்கிறதில்லை. எங்க பகுதியில தொற்று வந்து தெருவை அடைச்சப்ப என்னாச்சுன்னா, பாவு (தறியில நீளவாக்குல ஓடற நூல்) ஆத்த இடமில்லாம போச்சு. விடியக்காலையில தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டி, நாலு பேர் நின்னு சரிபண்ணணும். வீட்டுக்குள்ள அதைச் செய்ய முடியாது. பாவு இல்லைன்னா தறி ஓடாது. தறி உள்ளதானே இருக்கு, வீட்டுலயே நெய்ய வேண்டியதுதானேன்னு அதிகாரி ஒருத்தர் நல்லெண்ணத்துலதான் சொன்னார். நெசவுத் தெருவுல பிறந்த ஒரு கவுன்சிலர் இருந்திருந்தா, காலையில ஒரு மணி நேரம் நாலு பேருக்கு அனுமதி வாங்கிக் கொடுத்திருப்பார். அவ்வளவுதான் தேவை, காசுகூட இல்லை.

நல வாரியத்துல பதிஞ்சிருந்த கைத்தறி நெசவாளருக்கு 2,000 ரூபாய் அறிவிச்சாங்க. மாஸ்டர் வீவர்கிட்ட (நூல் கொடுத்து நெய்ய வைக்கிற முதலாளி) கூலிக்கு நெய்யறவங்கள்ல பதியாதவங்க நிறைய. அங்கயும் பேப்பர்ல பேர் இருந்தாத்தான்.

கோட்டைவாசி எழுதியது:

செவிலியர் அம்மா சொன்ன குப்பிக் கணக்கும், இப்போது இந்தப் பாவு விஷயமும் நான் யோசிக்காதவை. தேவை வேறு வேறு என்பதை ஏற்கிறேன். ஆனாலும் பதிவேடு என்று வந்தால் ஊரில் உள்ள எல்லா வீட்டையும் எழுதுங்கள், பழங்குடி வீட்டை மட்டும் அல்ல. மலையிலேயே எஸ்டேட் லைன் வீடுகளில் பழங்குடி அல்லாத கூலித் தொழிலாளிகள் இருக்கிறார்களே, அவர்கள் எந்த நோட்டில் வருவார்கள்?

முகாம்பிள்ளை எழுதியது:

நான் சேலம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். அப்போது அதற்குப் பெயர் அகதி முகாம், 2021 ஆகஸ்டில்தான் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். இந்த இழையில் எங்களைப் பற்றிச் சொல்ல இடம் இருக்கு என்று நினைக்கிறேன்.

எங்களிடம் நோட்டு உண்டு. முகாமில் ஒவ்வொரு ஆளும் பதிவில் இருக்கிறோம், மாதாமாதம் பெயர் கூப்பிட்டுத்தான் உதவித்தொகை. அதனால் கொரோனா உதவி வந்தபோது யார் யார் என்று தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் மலை ஆட்களைவிட நல்லாயிருந்தோம். ஆனால் ஊராட்சியின் கண்ணுக்கு நாங்கள் இல்லை. ஏனென்றால் எங்களுக்கு ஓட்டு இல்லை. பக்கத்துத் தெருவில் கிருமிநாசினி தெளித்துக்கொண்டு வந்த ஆள் எங்கள் வாசலோடு நின்று, "இது வருவாய்த் துறை பார்க்கிற இடம், எங்களுக்குச் சொல்லவில்லை" என்று திரும்பினார். அவர் மேல் கோபம் இல்லை. அவருக்குக் கொடுத்த பட்டியலில் எங்கள் தெரு இல்லை. அப்பா பிறகு கதைத்து, இரண்டு நாள் கழித்து வந்து அடித்தார்கள்.

பத்துக்குப் பத்து அடி வீடு, அதில் ஐந்து பேர். "தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று நோட்டீஸ் ஒட்டினால் எங்கே தனியாகிறது? ஆம்பிளைகள் பெரும்பாலும் பெயிண்டிங் வேலை. அது நின்றால் எல்லாம் நின்றது. இரண்டாவது அலையில் இரும்பாலையில் ஆக்ஸிஜன் வசதியோடு 500 படுக்கை மையம் திறந்தார்கள். மூச்சுத் திணறல் வந்தவர்களுக்கு அது பெரிய தைரியம். லேசான காய்ச்சலோடு இருப்பவரைத் தங்கவைக்கத்தான் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு சமுதாயக்கூடம் தேவைப்பட்டது. அதன் சாவி ஊராட்சியிடம்தானே இருக்கு.

ஆகவே அண்ணா, வீட்டுக் கணக்கு எடுக்கும்போது வாக்காளர் பட்டியலை வைத்து எடுக்கவேண்டாம் என்று எழுதுங்கள். ஓட்டு இல்லாதவர் நாங்கள் மட்டும் இல்லை. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் வேலை செய்கிற பீகார், ஒடிசா ஆட்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, பிள்ளைகளுக்கும் ஓட்டு இல்லை.

குப்பனூர்ரோடு எழுதியது:

சேகோ ஆலை ஆளுங்க பத்தி தம்பி சொன்னது சரிங்க. அவங்களுக்கு 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய்னு அரசு அறிவிச்சுச்சு. ஆலைக்காரர் பேர் கொடுத்த இடத்துல கிடைச்சது. கணக்குல காட்டாம வச்சிருந்த இடத்துல கிடைக்கலை.

கருமந்துறைமரவள்ளி எழுதியது:

கல்வராயன் மலையில இருந்து எழுதறேன். நாங்களும் மலையாளிதான், சேலம் மாவட்டத்துல பெத்தநாயக்கன்பாளையம் பக்கம். எங்க மலை ஒன்னு, மாவட்டம் ரெண்டு. 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. அண்ணன் வீடு இந்த மாவட்டம், தங்கச்சி வீடு ஓடைக்கு அந்தப் பக்கம் அந்த மாவட்டம். ஊரடங்குல மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டாங்க. சாவுக்குப் போறதுக்கே பாஸ். கிட்டத்துல ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இருக்கும், போக வழி இந்தப் பக்கம் சுத்தி வரணும். ரெண்டு மாவட்டத்துக்காரங்களும் மலைக்குள்ள நடமாட மட்டும் ஒரு அனுமதி போட்டிருந்தா போதும். ரெண்டு பக்கத்து ஊராட்சித் தலைவருங்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருந்தா நடந்திருக்கும்னு இப்ப தோணுது.

இன்னொன்னு. உண்டு உறைவிடப் பள்ளியை மூடினதும் பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்கு வந்துடுச்சு. அங்க மூணு வேளை சாப்பிட்ட பிள்ளைங்க. கூலி நின்ன அதே வாரத்துல வீட்டுல ரெண்டு தட்டு, மூணு தட்டு கூடிப்போச்சு. சத்துணவுக்குப் பதிலா அரிசி பருப்பு கொடுத்தாங்க, அதை வாங்கறதுக்குப் பிள்ளை படிச்ச பள்ளி வரைக்கும் போகணும். பள்ளி எங்க, ஊர் எங்க? பாடம் கல்வித் தொலைக்காட்சியில. கரண்ட் இருக்கும், பெரும்பாலும் டிவியும் இருக்கும், ஆனா கேக்கற சந்தேகத்துக்குப் பதில் சொல்ல ஆள் வேணுமே. எட்டாவது படிச்சுக்கிட்டிருந்த பொண்ணுங்க ரெண்டு பேருக்கு எங்க ஊர்ல அந்த வருஷமே கல்யாணம் பண்ணிட்டாங்க. இதைத் தடுக்கவும் அந்த நோட்டுல ஒரு கட்டம் வேணும்: எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி, எப்ப திரும்பிப் போகணும்.

சேர்வராயன்மண் எழுதியது:

அந்தக் கடைசி விஷயம் எங்க ஊர்லயும் நடந்துச்சு. என்கூட விளையாடின பொண்ணு. அவ மறுபடி பள்ளிக்குப் போகலை. இதைத் தீர்மானத்துல கண்டிப்பா எழுதறேன், யார் தடுத்தாலும்.

கோட்டைவாசி அண்ணா கேட்ட லைன் வீட்டுக் கேள்வி நியாயம். எங்க பசங்களுக்குள்ளயே நேத்து ராத்திரி அதுல வாக்குவாதம். சிலர் பழங்குடி வீட்டை மட்டும் தனியா எழுதினாத்தான் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை நிதி கேக்க முடியும்னு சொல்றாங்க. என் முடிவு இதுதான்: எல்லா வீட்டையும் எழுதுவோம், ஒவ்வொரு வீட்டுக்கும் எதிர்ல என்ன தடைன்னு எழுதுவோம். ரோடு இல்லை, டவர் இல்லை, அட்டை இல்லை, சாதிச் சான்று இல்லை, ஓட்டு இல்லை. அப்படி எழுதினா எங்க ஆளுங்க கஷ்டம் தானா வெளிய தெரியும், யாரையும் வெளிய தள்ள வேண்டியதும் இல்லை.

பசங்க இதுவரைக்கும் ஒத்துக்கிட்ட வாசகம் இது. குக்கிராமம் தோறும் வீட்டுப் பதிவேடு எழுதணும், வாக்காளர் பட்டியலை வச்சு எழுதக்கூடாது, வருஷத்துக்கு ரெண்டு தடவை திருத்தணும். வெளியில இருந்து வர்ற நிவாரண வண்டி முதல்ல ஊராட்சி ஆபீஸ்ல பதிவேட்டைப் பார்த்துட்டுத்தான் எங்க இறக்கறதுன்னு முடிவு பண்ணணும். நூறு நாள் வேலைப் பட்டியல்ல ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் குறைஞ்சது ஒரு பணி எப்பவும் கையிருப்புல இருக்கணும். ஊர்ப் பெரியவர், செவிலியர், மெம்பர், ரேஷன் கடைக்காரர், பள்ளி ஆசிரியர் சேர்ந்த குழு ஒன்னு, கிராம சபை கூட முடியாதப்ப வார்டு வாரியா மக்களைக் கேக்கணும். சமுதாயக்கூடத்தையும் பள்ளியையும் தனிமைப்படுத்தற இடமா பயன்படுத்தத் தண்ணி, கழிப்பறை இப்பவே சரி பண்ணணும். விட்டுப்போனது எதுன்னு சொல்லுங்க.

செவிலியக்கா எழுதியது:

ரெண்டு விட்டுப்போச்சு தம்பி. ஒன்னு, அடையாள அட்டை எதுவுமே இல்லாதவங்க. 2021 மே மாசம் மத்திய சுகாதாரத் துறை ஒரு வழிமுறை அனுப்பினாங்க. நாடோடியா வாழறவங்க, சாலையோரம் இருக்கறவங்க, முதியோர் இல்லத்துல இருக்கறவங்க இப்படி ஆதார் இல்லாதவங்களுக்கும் பொறுப்பாளர் ஒருத்தர் மூலமா ஊசி போடலாம்னு அதுல இருந்துச்சு. ஆனா அவங்க யார், எங்க இருக்காங்கன்னு உள்ளூர்ல கண்டுபிடிச்சுச் சொல்லணும். கீழ நரிக்குறவர் மக்கள் ஊசிமணி விக்கப் போன இடத்துல மாட்டிக்கிட்டு, எந்த ஊர்க் கணக்குலயும் இல்லாம இருந்தாங்க. அவங்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கற மசோதா நாடாளுமன்றத்துல நிறைவேறினதே 2022 டிசம்பர்லதான். ஊர்ல வந்து தங்கியிருக்கறவங்களுக்கும் பதிவேட்டுல ஒரு பக்கம் ஒதுக்குங்க.

இன்னொன்னு, நிறைமாசக்காரங்க பேரை எழுதறதோட நிறுத்தாதீங்க. எந்தத் தேதி, எந்த வழியா, எந்த வண்டியில இறக்கறதுன்னு எழுதுங்க. 108 ரோடு வரைக்கும்தான் வரும். ரோடு வரைக்கும் யார் தூக்கிட்டு வர்றதுன்னு பேர் போட்டு எழுதுங்க. ரெண்டாவது அலையில தொற்று பயத்துல தூக்க ஆள் வராம, ஒரு பொண்ணைக் கம்பளியில வச்சு அவ புருஷனும் மாமனாரும் மட்டும் தூக்கிட்டு வந்ததை நான் பார்த்தேன். குழந்தை பொழைச்சுது.

அம்மாபேட்டைத்தறி எழுதியது:

மாநகராட்சிக்கும் இதே மாதிரி ஒன்னு எழுதப் போறோம். இப்ப வார்டு சபை, பகுதி சபைன்னு இருக்கு. மலைத் தீர்மானம் தயாரானதும் இங்க போடுங்க தம்பி, அப்படியே எடுத்துக்கறோம்.

ஓய்வுச்செயலர் எழுதியது:

நடைமுறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 2019-இல் தேர்வான பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்தார். இந்த வருடம் எந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதை நம்பித் தீர்மானத்தை எழுதாதீர்கள். "வார்டு உறுப்பினர் பதிவேட்டைப் பராமரிப்பார்" என்று எழுதினால், உறுப்பினர் இல்லாத நாளில் பதிவேடும் இருக்காது. "உறுப்பினர் இல்லாத காலத்தில் அந்தக் குக்கிராமத்து மகளிர் குழுப் பொறுப்பாளர் பராமரிப்பார், ஊராட்சிச் செயலர் மாதம் ஒருமுறை கையொப்பமிடுவார்" என்று சேர்த்து எழுதுங்கள்.

குறைவெண் வரம்பை, அதாவது கிராம சபை செல்ல குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதைப் பாருங்கள். ஊராட்சியின் மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் இருக்க வேண்டும். கீழூர் ஆட்கள் வர வண்டி ஏற்பாடு செய்யுங்கள், பிக்கப் அண்ணன் இந்த இழையிலேயே இருக்கிறார். தீர்மானப் புத்தகத்தில் "அனைத்துக் குக்கிராமங்களும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள், விடாதீர்கள். ஒவ்வொரு ஊரின் பெயரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், எழுதிய பிறகு சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், அதன் பிறகு கையொப்பம் போடுங்கள். நகல் கேட்டு அன்றைக்கே மனு கொடுத்துவிடுங்கள்.

குப்பனூர்ரோடு எழுதியது:

வண்டி நான் கொண்டு வர்றேனுங்க. டீசல் மட்டும் பார்த்துக்குங்க. எந்தெந்த ஊர்ல எத்தனை மணிக்கு நிக்கணும்னு முந்தின நாளே சொல்லிடுங்க தம்பி, ரெண்டு நடை அடிக்க வேண்டியிருக்கும்.